ஊருக்கு எழுதிக் கொடுத்த சிரிப்பு

பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அம்மா குளித்து, தலைவாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் கொடுத்திருந்த நேரம் பத்து மணி.

"இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தா எப்படிம்மா? ஒரு வாய் டீயாவது குடி" என்றாள் மூத்தவள்.

"இறங்காது. உங்கப்பாவைக் கிளம்பச் சொல்லு."

அப்பா அடுப்படியில், ஏற்கெனவே கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் மயங்கி விழுந்தது இப்படித்தான். தபால் ஆபீஸ் கவுன்டரை மூடிவிட்டு வந்த அம்மா, வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு, இரண்டு தெரு தள்ளி வேறு நிறுத்தத்தில் போய் நின்றாள். எதேச்சையாக நிமிர்ந்தாள். எதிர்ச்சாரியில் பதினைந்தடி அகலத்துக்கு வாலு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு ஊட்டச்சத்து மாவு டப்பா. கீழே கொட்டை எழுத்தில்: 'வளரட்டும் உங்கள் செல்லம்!'

வாலு இந்த வீட்டின் கடைக்குட்டி. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். பள்ளி ரிஜிஸ்டரில் வேறு பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இரண்டு வருஷம் நாலு மாசத்துக்கு முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதினோரு வயதோடு நின்றுவிட்டவளைத்தான் அந்த போர்டு 'வளரட்டும்' என்றது.

அவள் போன வாரமே அம்மா வீட்டிலிருந்த படங்களையெல்லாம் இறக்கி, ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டாள். போனில் இருந்ததையும் அழித்தாள். "பாக்க முடியல. என்னால முடியல" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சிலும் எடுக்கவில்லை. அப்படித்தான் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

"எவனோ உங்க ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல கை வச்சிருக்கான்" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சும்மா விடக்கூடாதுங்க. செத்த பிள்ளையை வச்சு மாவு விக்கறான்."

அப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அதுவும் துக்கம்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

"நான் வந்துதான் ஆகணுமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார்.

அம்மா எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள். "படம் எடுத்தது நீங்க. நீங்க வராம நான் போய் யாரோட படம்னு சொல்றது?"

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

---

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே புதுத் தோல் வாசனை. வக்கீலம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல ஜலதோஷம். மேஜைமேல் கட்சிக்காரர் காகிதங்களுக்குச் சமமாகக் கைக்குட்டைகள் கிடந்தன.

"உட்காருங்க. கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "படம் யார் எடுத்தது?"

"இவர்தான்" என்றாள் அம்மா. "போட்டோகிராபர். சொந்த ஸ்டுடியோ. இருபது வருஷம்."

"அப்போ காப்பிரைட் சாரோடது. எடுத்தவருக்குத்தான் உரிமை. இவர் சம்மதிக்காம யாரும் அதைத் தொடக்கூடாது."

அம்மா மூத்தவளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் முறையாக அவள் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

"வேற யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா சார்? ஏதாவது கம்பெனி, ஏஜென்சி?"

அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா ஒரு காகிதத்தை முன்னால் நகர்த்தினார். "எதுக்குக் கேக்கறேன்னா, நேத்து அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். மரியாதையாத்தான் பதில் அனுப்பியிருக்காங்க. இந்தப் படத்தை மூணு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு இலவசப் பட வெப்சைட்லேர்ந்து எடுத்து வச்சிருந்தாங்களாம். அங்க படத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சுன்னா…" அவர் படித்தார். "'எந்த உரிமையையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.' ஏத்தினவர் பேர் உங்க ஸ்டுடியோ பேர்தான் சார். ஐந்து வருஷத்துக்கு முன்னாடி."

"அதைத்தானே சொல்றேன்" என்றாள் அம்மா. "எவனோ திருடி, இவர் பேர்லயே—"

"இல்ல" என்றார் அப்பா.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"யாரும் திருடல. நான்தான் போட்டேன்."

கீழே கடையில் யாரோ புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் மேலே கேட்டது.

"அப்போ அவளுக்கு எட்டு வயசு" என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, வக்கீலம்மாவைப் பார்த்தே சொன்னார். "நான் எடுக்கறதெல்லாம் கல்யாணமும் பாஸ்போர்ட் படமும்தான். அவங்கவங்க படத்தை அவங்கவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. மீதி நேரத்துல ரோட்ல, மழையில, ஸ்டேஷன்லன்னு எனக்காக எடுப்பேன். அதை யாரும் பார்த்ததில்ல. ஒருநாள் இந்த வெப்சைட்ல ஒரு மழைப்படத்தைப் போட்டேன். எங்கேயோ ஒரு ஸ்கூல் டீச்சர், பாடப் புத்தகத்துக்கு எடுத்துக்கிட்டேன், ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. என் படத்தை நல்லா இருக்குன்னு அதுவரைக்கும் முன்பின் தெரியாதவங்க யாருமே சொன்னதில்ல மேடம். கிறுக்குப் பிடிச்ச மாதிரி முந்நூறு படம் போட்டேன்."

"அதுல இதுவும்…"

"வாலு பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா. 'என்னையும் போடுப்பா, நானும் எல்லா ஊருக்கும் போறேன்'ன்னா." அவர் உதட்டைக் கடித்தார். "பட்டனை அவதான் அழுத்தினா. அழுத்தச் சொன்னது நான்."

மூத்தவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் வக்கீலம்மாவிடம் மிகவும் சாதாரணமாகக் கேட்டாள்:

"சரி, தெரியாம கொடுத்துட்டார். திருப்பி வாங்கிக்கலாமில்ல?"

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர் பேர்ல எழுதிக் கொடுத்திருந்தா ஏதாவது வழி பார்க்கலாம்மா. இது அப்படியில்ல. உரிமையே வேண்டாம்னு பொதுவுல விட்டாச்சு. விட்டதை மறுபடி என்னுதுன்னு சொல்ல முடியாது. அது இப்போ பொதுச்சொத்து."

"எது?"

"படம்."

"படம்னா? அது அவதானே?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். படத்துக்கு ஒரு உரிமை, முகத்துக்கு வேறொரு உரிமை. படத்தை விட்டுக்கொடுத்தாலும் முகத்தை விளம்பரத்தில் போடத் தனியாகச் சம்மதம் வேண்டும். ஆனால் ஏற்றும்போது அந்த வெப்சைட் அதையும் கேட்டிருக்கிறது. படத்தில் இருப்பவரின் சம்மதம் உண்டா என்று ஒரு கட்டம். சிறு பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம். அப்பா அதில் டிக் போட்டிருக்கிறார்.

"அப்பாவாச்சே, போடலாம்தானே. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அதுவுமில்லாம, இறந்துபோனவங்க முகத்துக்கு என்ன உரிமை, யாருக்கு உரிமைங்கறதுல சட்டமே இன்னும் தடுமாறிக்கிட்டுத்தான் இருக்கு. கேஸ் போட்டா வருஷக் கணக்கா இழுக்கும். நான் வேணா மனுஷத்தனமா ஒரு வார்த்தை பேசிப் பார்க்கறேன்."

அவர் அங்கேயே போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு சங்கடம்.

"அவங்களுக்குப் பிள்ளை இறந்ததே தெரியாதாம். ரொம்ப வருத்தப்பட்டாங்க. இனிமே எந்த விளம்பரத்துலயும் போடமாட்டோம்னு எழுத்துல தராங்க. அப்புறம் அந்த போர்டு… அந்த விளம்பரம் எப்படியும் இந்த வாரத்தோட முடியுதாம். இன்னிக்கு மத்தியானம் கழட்டறாங்க. வேற ஏதோ சோப்பு விளம்பரம் வருதாம்."

அம்மா தலையை ஆட்டினாள். இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருந்தாளோ அது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

---

"வேற எங்கெல்லாம் இருக்குன்னு தெரியுமா சார்?"

வக்கீலம்மா சும்மாதான் கேட்டார். அப்பா தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு இடம்" என்றார்.

மூத்தவள்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள். ஒரு பல் டாக்டர் கிளினிக். ஒரு ஸ்கூல் வேன். குடைக்கடை. எந்த மொழி என்றே தெரியாத ஒரு கதைப் புத்தகத்தின் அட்டை. பிறந்தநாள் வாழ்த்து. எல்லாவற்றிலும் அதே வாலு, மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, முன்பல் ஒன்று விழுந்த சந்தோடு, கண் இடுங்கச் சிரிக்கிறாள்.

அம்மா கையை நீட்டினாள். மூத்தவள் தயங்கித்தான் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் நாலு மாசம் பார்க்காத முகத்தை அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வக்கீலம்மா தும்மலை அடக்கிக்கொண்டார்.

"இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படத்தைக் கொடுத்துத் தேடினா காட்டும். புதுசா எங்கேயாவது வந்திருக்கான்னு பார்ப்பேன்."

"எப்பப்போ?"

"தினமும்."

"எனக்குத் தெரியாம."

"நீ பாக்கமாட்டேன்னு சொல்லிட்டே. எனக்குப் பாக்காம இருக்க முடியல." அப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ போனதும் அந்த வெப்சைட்டுக்கு எழுதி எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள எங்கெங்கயோ போயிடுச்சு. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம்… புதுசா ஒரு ஊர்ல அவ முகம் வந்தா, இன்னிக்கு இங்க போயிருக்கான்னு தோணும். எல்லா ஊருக்கும் போறேன்னு சொன்னா இல்ல…"

"போதும்" என்றாள் அம்மா.

மூத்தவள் ஒரு அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைக்கிறவள். தினமும் இப்படி இலவசமாகக் கிடைக்கும் முகங்களை எடுத்து வெட்டி ஒட்டுகிறவள்தான். போன வாரம்கூட ஒரு டியூஷன் நோட்டீஸுக்கு ஏதோ ஒரு குழந்தை. யார் வீட்டுப் பிள்ளை, எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றெல்லாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மாவின் விரல் கடைசிப் படத்தில் நின்றது.

"இது என்ன?"

அப்பா எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அது வேண்டாம். கொடு."

அதற்குள் வக்கீலம்மா வாங்கிவிட்டார். படித்ததும் அவர் முகம் மாறியது. யாரோ நன்கொடை கேட்டு ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். கடுமையான நோயில் படுத்திருக்கும் ஒரு சிறுமிக்கு உதவுங்கள் என்று, வாலுவின் படத்தைப் போட்டு. அவள் தலைமுடியைக் கம்ப்யூட்டரிலேயே மழித்திருந்தார்கள்.

"இது காப்பிரைட் விஷயமே இல்ல. சுத்த மோசடி" என்றார். "இதை நிறுத்தலாம்மா. நாளைக்கே நிறுத்தலாம். அந்தப் பக்கத்தை நடத்தற இடத்துக்குப் பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரு வாக்குமூலம் கொடுத்தாப் போதும்."

டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு அங்கேயே நாலு வரி சொன்னார். காகிதம் சூடாக வெளியே வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

அம்மா படித்தாள். 'மேற்கண்ட படத்தில் உள்ள சிறுமி எங்கள் மகள். அவள் இன்று உயிருடன் இல்லை.'

காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அப்புறம் போடறேன்."

"அம்மா, சீக்கிரம் போட்டா நல்லது. ஜனங்க ஏமாந்துக்கிட்டிருக்காங்க" என்றார் வக்கீலம்மா.

"அப்புறம் போடறேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அம்மா எழுந்துவிட்டாள்.

---

தெருவுக்கு வந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கேம்மா போறே?"

"உங்கப்பாவை ஸ்டுடியோவுக்குப் போகச் சொல்லு."

அப்பா பத்தடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. போகவில்லை. அதே பத்தடி தூரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வந்தார். மூத்தவள் நடுவில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஓடினால் அப்பா தனியாகிவிடுவார், பின்னால் தங்கினால் அம்மா.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது போர்டுக்கு ஏணி போட்டிருந்தார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருந்தவர் பிளக்ஸின் ஓரக் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். டப்பா பக்கம் ஏற்கெனவே அவிழ்ந்து தொங்கியது.

அம்மா ரோட்டைக் கடந்து நேராக ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"தள்ளி நில்லுங்கம்மா, மேல விழுந்துடும்" என்றார் கீழே இருந்தவர்.

மேல்பக்கத்துக் கடைசிக் கயிறு அறுந்தது. மேல்பாதி பொத்தென்று முன்னால் சாய்ந்தது. வாலுவின் நெற்றி மடங்கி அவள் மூக்கின்மேல் விழுந்தது.

"ஐயோ, மெதுவா!" என்று கத்திவிட்டாள் அம்மா. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். "மடிக்காதீங்க! அப்படி மடிக்காதீங்க!"

"மடிக்காம எப்படிம்மா எடுத்துட்டுப் போறது? இது என்ன கண்ணாடியா?" மேலே இருந்தவருக்கு எரிச்சல். "ஏதோ லாரி மூடப் போற பிளக்ஸு."

"லாரி மூடவா?"

"மழைக்கு மூடுவாங்க. கூரைக்குப் போடுவாங்க. கேக்கறவங்களுக்குக் கொடுத்துடுவோம்."

"எனக்குக் கொடுங்க."

"இதை வச்சு நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க?"

"அது என் பொண்ணு."

ஏணியில் இருந்தவர் அவளையே பார்த்தார். பிறகு தன் காலடியில் தொங்கும் முகத்தைப் பார்த்தார். அம்மாவுக்கும் அதே இடுங்கிய கண்தான். அவர் இறங்கி வந்தார்.

கீழே இருந்தவருக்குத்தான் தயக்கம். "சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்றது? யாரோடதுன்னு ஒரு பேப்பர் கீப்பர் இருக்காம்மா?"

அம்மா திரும்பினாள். பத்தடி தூரத்தில் நின்ற அப்பாவை, வக்கீல் ஆபீஸை விட்டு வந்தபின் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"சொல்லுங்க. இது பொதுச்சொத்துதானே? யார் வேணாலும் எடுத்துக்கலாம்தானே?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க. நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவில்லை.

இரண்டு தொழிலாளிகளும் சேர்ந்து மடிக்காமல் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். ஏணிக்காரர் கட்டியதை ஒருமுறை தட்டிப் பார்த்து, "ஒரு பக்கமே வெயிட் இழுக்கும், பார்த்துத் தூக்குங்க" என்றார்.

எந்த வண்டியிலும் ஏறாத நீளம். நடந்தே போனார்கள். முன்முனை அம்மாவின் தோளில், நடுவே மூத்தவள், பின்முனையை அப்பா வந்து பிடித்துக்கொண்டபோது அம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், "என்ன, கடை திறப்பு விழாவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லி வைத்தாள் மூத்தவள்.

---

ஹாலில் சோபாவைச் சுவரோடு தள்ளி, மேஜையை அறைக்குள் இழுத்தும் முழுசாக விரிக்க இடம் போதவில்லை. டப்பாவும் கொட்டை எழுத்தும் சுருட்டியபடியே கதவோரம் கிடந்தன. முகம் மட்டும் விரிந்தது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் வாலு.

மூன்று பேரும் ஓரமாக நின்றார்கள். கால் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஒரு மாசத்துப் புழுதி படிந்திருந்தது. அம்மா ஈரத்துணி கொண்டுவந்து முட்டி போட்டு உட்கார்ந்து, நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி, புருவம், ஒரு முழம் அகலத்துக்கு ஒவ்வொரு கண். பிள்ளையின் முகம் கழுவுகிற மாதிரியேதான் துடைத்தாள். காது மடிப்பைக்கூட விடவில்லை.

மேல் உதட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்தாள். போகவில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள்.

"அது போகாதும்மா" என்றாள் மூத்தவள். "அவங்க வரைஞ்சது. பால் குடிச்ச மாதிரி மீசை."

அம்மாவின் கை நின்றது. "பாலா? இவளா?"

"பால் வாசனை வந்தாலே குமட்டும் அவளுக்கு" என்றார் அப்பா, தன்னையறியாமல்.

"ஜன்னல் வழியா ஊத்திட்டு, குடிச்சிட்டேன்னு டம்ளரைத் தலைகீழாக் காட்டுவா" என்றாள் மூத்தவள். "கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்களே."

அம்மா சிரித்தாள். சிரிப்புதான் முதலில் வந்தது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. பிளக்ஸின்மேல் குப்புறக் கவிழ்ந்து, அந்தப் பெரிய கன்னத்தில் முகத்தை வைத்து அழுதாள். வாலு போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தொடவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"உங்க மேல எனக்குக் கோபம் போகல" என்றாள் அப்பாவிடம். "போகுமான்னும் தெரியல. கொடுத்ததுக்குக்கூட இல்லீங்க. ரெண்டு வருஷமா தனியாப் பார்த்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்கு."

அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பேப்பர்ல ஏம்மா கையெழுத்துப் போடல? பாவம், யார் யாரோ ஏமாந்துக்கிட்டிருக்காங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கத்தை எடு. நான் அங்க சரியாப் படிக்கல."

அப்பா போனை எடுத்துக் கொடுத்தார். அம்மா எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். 'மூன்று வருடங்களாகப் போராடி வருகிறாள் இந்தச் சின்னஞ்சிறு தேவதை. டாக்டர்கள் இன்னும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்துள்ளனர்.'

"ஆறு மாசமாம்" என்றாள். "நமக்கு மூணு நாள்தான் கொடுத்தாங்க."

அம்மா போன் திரையை விரலால் துடைத்தாள்.

"அவ உயிரோட இருக்கான்னு உலகத்துல இந்த ஒரு இடத்துலதான் எழுதியிருக்கு. பொய்தான். திருட்டுப் பயலுக எழுதினதுதான். அதை அடிச்சிட்டு, இல்ல, அவ செத்துட்டான்னு நான் என் கையால எழுதிக் கொடுக்கணும். இல்லையா?"

மூத்தவள் அம்மாவின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் விரல் இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போனது. உதவியவர்கள் எழுதியிருந்த வரிகள். 'சீக்கிரம் குணமாகட்டும்.' 'என் மகள் மாதிரியே இருக்கிறாள்.' அதில் ஒரே ஒருத்தி திரும்பத் திரும்ப வந்தாள். வாரம் தவறாமல் எழுதியிருந்தாள். கடைசியாக இன்று காலைதான்: 'பாப்பாவை நினைக்காத நாளில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. தொலைவில் இல்லை, பஸ்ஸில் வந்துவிடுவேன். ஒரே ஒரு தடவை பார்க்க அனுமதிப்பீர்களா?' கீழே ஒரு போன் நம்பர்.

அம்மா தன் போனை எடுத்தாள்.

"என்ன பண்றே?" அப்பா பதறினார். "அதெல்லாம் வக்கீலம்மா பார்த்துப்பாங்க. நீ எதுக்கு…"

அம்மா நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. மூன்று முறை, நான்கு முறை. எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல்.

"நான்… அந்தப் படத்துல இருக்கற பிள்ளையோட அம்மா பேசறேன்."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்துக்கொண்டது மூன்று பேருக்கும் கேட்டது. பிறகு அந்தக் குரல், அழுகையும் சந்தோஷமுமாக, கேட்டது:

"பாப்பா எப்படிங்க இருக்கா?"

அம்மா தரையைப் பார்த்தாள். சுவருக்குச் சுவர் வாலு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா…" என்று ஆரம்பித்தாள் அம்மா.